கொழுந்துக் கூடையும் எக்ஸ்ரே படமும்

ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில், இருபது வருடமாகக் கொழுந்து பறித்துவரும் இரண்டு பெண்களை நினைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது நாற்பத்தைந்து. இருவரின் முதுகையும் எக்ஸ்ரே எடுத்தால், ஒருவரின் படத்தில் இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி குறுகியிருக்கிறது. எலும்பு ஓரங்களில் சிறு கூர்கள் முளைத்திருக்கின்றன. ஆனால் அவருக்கு வலி கிடையாது. அந்திக் கொழுந்தும் எடுத்து, நிறுவை முடிந்ததும் வழியில் ஒரு கட்டு விறகும் சேர்த்துச் சுமந்து லயத்து வீட்டுக்கு ஏறுகிறார். மற்றவரின் படத்தில் குறை என்று ஒன்றும் இல்லை. அவரோ மூன்று வாரமாகப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, போக முடியாமல் படுத்திருக்கிறார். இப்படி ஒரு சோடி இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ இராகலையிலோ எந்தத் தோட்டத்தில் தேடினாலும் கிடைக்கக்கூடியதுதான். படம் பொய் சொல்லவில்லை. அதில் தெரிகிற தேய்வு உண்மையாகவே அங்கே இருக்கிறது. அப்படியானால் வலி ஏன் அந்தப் பக்கம் இல்லாமல் இந்தப் பக்கம் வந்து நிற்கிறது? கடந்த நாற்பது ஆண்டு முதுகுவலி ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. அதில் கிடைத்த விடை, மாத்திரைக்கும் தைலத்துக்கும் படத்துக்கும் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கும் குடும்பங்களுக்கு மிகவும் தேவையானது.

முதுகுத்தண்டில் அசையக்கூடிய எலும்புகள் 24. கழுத்தின் உச்சி தவிர, அடுத்தடுத்த எலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு இருக்கிறது. இதைத்தான் 'டிஸ்க்' என்கிறோம். வட்டின் வெளிப்புறம் பலபடலமாகச் சுற்றிய நார்வளையம். நடுவில் நீர் நிறைந்த கூழ்போன்ற உட்கரு. பெரியவர்களின் வட்டுக்குள் இரத்தக்குழாய் ஏறக்குறைய இல்லை. மேலும் கீழுமுள்ள எலும்புத் தட்டிலிருந்து ஊறிவரும் சத்தையே அது நம்பியிருக்கிறது. ஆகவே வயது ஏற ஏற அது நீர் வற்றி, உயரம் குறைந்து, ஓரத்தில் பிதுங்குவது இயல்பு. எவ்வளவு இயல்பு என்பதை வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலி இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில், பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு வட்டு பிதுங்கியிருந்தது. எல்லா வட்டும் குறையில்லாமல் இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. 2015இல், வலியில்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 33 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வட்டுத் தேய்வு இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது. தேயிலைச் செடியின் மட்டத்தை விலக்கிக் கீழே தூரைப் பார்த்தால் அது முறுக்கேறி, பொந்து விழுந்து, பாசி படர்ந்து கிடக்கும். அந்தத் தூரை மட்டும் வைத்து அடுத்த சுற்றில் அந்தச் செடி எவ்வளவு கொழுந்து கொடுக்கும் என்று எந்தக் கங்காணியும் சொல்லத் துணியமாட்டார். வட்டுத் தேய்வும் அத்தகையதே. வயதைச் சொல்லும். வலியைச் சொல்லுவது குறைவு.

வட்டின்மேல் இவ்வளவு பழி விழுந்ததற்கு ஒரு நியாயமான தொடக்கம் உண்டு. 1934இல் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், காலுக்கு இறங்கும் கடும் வலியுள்ளவர்களில் வட்டின் உட்கரு நார்வளையத்தைக் கிழித்து வெளியே வந்து நரம்புவேரை அழுத்துவதைக் காட்டினார்கள். அதை எடுத்துவிட்டால் கால்வலி குறைந்தது. அந்தக் கண்டுபிடிப்பு சரியானது, இன்றும் நிற்பது. தவறு அதற்குப் பிறகு நடந்தது. காலுக்கு இறங்காத, முதுகோடு நிற்கும் வலிக்கும் அதே காரணத்தை ஒட்டவைத்தார்கள். எக்ஸ்ரேயும் பிறகு ஸ்கேனும் பரவியபோது, வலி உள்ளவரின் படத்தில் தேய்வு தெரிந்தது. உடனே அதுவே காரணம் ஆயிற்று. வலி இல்லாதவரைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றாதவரை இந்தப் பிழை வெளியே தெரிய வழியில்லை. ஒன்று காரணமா என்று அறிய, அது இருக்கும் இடத்தில் விளைவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. விளைவு இல்லாத இடத்திலும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தலைமுறை தலைமுறையாகச் சுமந்த முதுகு தேயாமல் என்ன செய்யும், உழைப்புத்தானே அதைத் தேய்த்தது? இதைச் சோதிப்பது கடினம். கடும் உழைப்பாளிகளும் மேசை வேலைக்காரர்களும் உணவிலும் வசதியிலும் பரம்பரையிலும் வேறுபட்டவர்கள். பின்லாந்து ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அருமையான வழி கண்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த ஆண் இரட்டையர் 115 சோடிகளைத் தேர்ந்து, ஒருவர் பாரவேலையும் மற்றவர் இலேசான வேலையும் செய்த நிலையில் இருவரின் வட்டுகளையும் ஒப்பிட்டார்கள். 1995இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. தேய்வின் வேறுபாட்டில் வேலைப்பாரம் விளக்கியது மிகச் சிறு பங்கு. பெரும்பங்கு பிறப்போடும் வளர்ந்த குடும்பத்தோடும் சேர்ந்தே வந்தது. இதைப் பிடித்துக்கொண்டு 'உழைப்பு முதுகுக்கு ஒன்றும் செய்யாது' என்று ஒரு நிர்வாகம் சொல்லுமானால், அது ஆய்வைத் திரித்துச் சொல்வதாகும். இரட்டையர் ஆய்வு அளந்தது படத்தில் தெரியும் தேய்வை. வலியை அல்ல. பாரம் தூக்குவதும் குனிவதும் திரும்புவதும் வலியைத் தூண்டும் என்பதற்குத் தனிச் சான்று இருக்கிறது. சிட்னியில் முதுகு திடீரெனப் பிடித்துக்கொண்ட 999 பேரிடம், வலி தொடங்குவதற்குச் சற்று முன் என்ன செய்தார்கள் என்றும், வலியில்லாத நேரங்களில் என்ன செய்தார்கள் என்றும் கேட்டு ஒப்பிட்டார்கள். உடலைக் கோணலாக வைத்துச் செய்த கைவேலை, வலி தொடங்கும் வாய்ப்பை எட்டு மடங்கு ஆக்கியிருந்தது. களைப்பு ஏறக்குறைய நாலு மடங்கு. வலி அதிகமாகத் தொடங்கிய நேரம் காலை ஏழு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்.

இந்தக் காலை நேரம் கவனிக்கத்தக்கது. படுத்திருக்கும்போது வட்டின்மீது அழுத்தம் குறைவதால் அது இரவெல்லாம் நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் நம் உயரத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுதலாக எழுந்திருக்கிறோம். உப்பிய வட்டை வளைப்பது கடினம், அப்போது குனிந்தால் நார்வளையத்தில் இழுவிசை மிகுதி. எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாட்பட்ட வலி குறைந்ததாக 1998இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. ஆனால் லயத்துப் பெண்ணின் முதல் இரண்டு மணி நேரம் எதில் போகிறது? இருட்டோடு எழுந்து தண்ணீர்க் குடம், தரையோடு அடுப்பு, கூட்டல், பிள்ளையைத் தூக்கிப் பிள்ளைக் காம்பராவில் விடுதல், அப்புறம் பிரட்டு. முதுகுக்கு மிக மோசமான வேளையில்தான் அத்தனை குனிதலும். அதற்குப் பிறகு சுமையின் கணக்கு வருகிறது. முதுகுத் தசைகள் தண்டுக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் பற்றியிருக்கின்றன. கையில் உள்ள சுமையோ உடலுக்கு முன்னால் எட்டி நிற்கிறது. எட்டத்தில் இருக்கும் சிறு எடையைச் சமன்செய்ய, கிட்டத்தில் இருக்கும் தசை பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டும், அந்த விசை முழுவதும் வட்டின்மேல் இறங்கும். 1999இல் ஜெர்மனியில் ஒரே ஒரு தன்னார்வலரின் வட்டுக்குள் அழுத்தமானி செருகி அளந்தார்கள். நேராக நிற்கும்போது இருந்த அழுத்தத்தை ஒன்று என்று கொண்டால், 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது இரண்டுக்குச் சற்று மேல். அதே எடையை எட்டிப் பிடித்தபோது மூன்றரை. முதுகை வளைத்துத் தரையிலிருந்து தூக்கியபோது நாலரை. ஒருவரிடம் எடுத்த அளவுதான் என்றாலும், எடையைப் போலவே அது இருக்கும் தூரமும் எண்ணத்தக்கது என்பது தெளிவு.

அப்படிப் பார்த்தால், நெற்றிக் கயிற்றில் தொங்கி முதுகோடு ஒட்டிய கூடை மிக மோசமான அமைப்பு என்று சொல்ல முடியாது. நேபாள மலைச் சுமைகாரர்கள் நெற்றிப் பட்டையில் தங்கள் உடல் எடைக்கு ஏறத்தாழச் சமமான பாரத்தையே சுமக்கிறார்கள். ஆண்கள் சராசரியாக 93 சதவீதமும் பெண்கள் 66 சதவீதமும் சுமப்பதை 2005இல் அளந்து எழுதினார்கள். குறை கூடையில் இருப்பதைவிட அதைச் சுற்றியுள்ள வேலை முறையில் இருக்கிறது. செடியின் மட்டத்துக்கு மேல் எட்டி எட்டிப் பறிக்கும் மணிக்கணக்கு, மழையில் வழுக்கும் சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் வைத்து நிற்பது, நிறைந்த சாக்கைத் தரையிலிருந்து வாரித் தூக்கி நிறுவைக்குக் கொண்டுபோவது. ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் என்று நிறுவையில் சில கிலோ கழித்துக் கணக்கெழுதும் வழக்கம் தோட்டங்களில் பழையது. கணக்கில் கழிந்த அந்தக் கிலோக்களையும் முதுகு சுமந்துதான் வந்தது.

இனி வைத்தியரிடம் வருவோம். படத்தை முதலில் நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? கேள்வியையும் கையையும். முதுகுவலியோடு வருபவர்களை வைத்தியர் மூன்று கூட்டமாகப் பிரித்தறிய முயல்கிறார். முதல் கூட்டம் மிகச் சிறியது: எலும்பு முறிவு, தொற்று, புற்றுநோய், நரம்புக்கொத்து நசுங்குதல் போன்ற ஆபத்துகள். சிட்னியில் புதிதாக முதுகுவலி வந்த 1,172 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்ததில் இப்படிப்பட்டவர்கள் 11 பேர் மட்டுமே. அதில் 8 பேருக்கு எலும்பு முறிவு. இரண்டாவது கூட்டம் நரம்புவேர் அழுத்தப்பட்டு, முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கும் வலி உள்ளவர்கள். மூன்றாவது, மிகப் பெரிய கூட்டம், நூற்றில் தொண்ணூறு பேர் அளவில், இன்ன திசுதான் காரணம் என்று உறுதியாகச் சுட்ட முடியாத வலி. இதை 'காரணம் சுட்டாத முதுகுவலி' என்று அழைக்கலாம். காரணமே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. தசை, மூட்டு, தசைநார், வட்டு என்று எதிலிருந்தும் அது வரலாம். இருக்கும் எந்தச் சோதனையாலும் அதைப் பிரித்தறிய முடிவதில்லை, பிரித்தறிந்தாலும் சிகிச்சை மாறுவதில்லை.

முதல் கூட்டத்தைத் தவறவிடக் கூடாது என்பதில் மலையகத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், நாளுக்கு நாள் ஏறும் இரவு வலி ஆகியவை முள்ளெலும்புக் காசநோயாக இருக்கலாம். நெருக்கமான லயக் காம்பராக்களில் வாழும் மக்களிடையே அதை மறப்பது தவறு. வயதான பெண் சரிவில் சறுக்கி உட்கார்ந்த பின் வந்த வலி, எலும்பு நொறுங்கியதன் அடையாளமாக இருக்கலாம். மலையில் கழிப்பறை இல்லாததால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பெண்ணுக்கு, விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகக் குளிர்காய்ச்சலோடு வரும் வலி சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். பல பேறு கண்டவருக்கு இழுத்துப் பிடிக்கும் இடுப்புவலி கருப்பை இறங்கியதாலும் வரும், வெட்கத்தால் அதைச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. கேட்டால்தான் தெரியும். சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்வது, மலம் அடக்க முடியாமை, குதிரையில் அமர்ந்தால் சேணம் படும் இடமெல்லாம் மரத்துப்போவது, இரு கால்களும் பலம் இழப்பது ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஒரு நாள் தாமதம்கூட நிரந்தர ஊனமாகலாம். அதே நேரம், அடையாளங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் பயப்படுவதும் உதவாது. அந்த 1,172 பேரில் நூற்றுக்கு எண்பது பேரிடம் ஏதாவது ஓர் எச்சரிக்கை அடையாளம் இருந்தது. ஆபத்து இருந்ததோ நூற்றில் ஒருவருக்கும் குறைவாக. அடையாளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றனவா என்று எடைபோடுவதில்தான் வைத்தியரின் திறமை இருக்கிறது. நரம்புவேரைக் கண்டுபிடிக்கும் சோதனைகளும் எளியவை. மல்லாந்து படுத்தவரின் காலை முழங்கால் மடியாமல் மெல்ல உயர்த்தினால் வலி முழங்காலுக்குக் கீழே மின்னலாகப் பாய்கிறதா என்று பார்ப்பது 1880களில் சேர்பியாவின் லசரெவிச்சும் பிரான்சின் லசேக்கின் மாணவரும் எழுதிவைத்த முறை. பெருவிரலை மேல்நோக்கித் தூக்கும் பலம், குதிகால் தசைநாரில் தட்டினால் பாதம் துள்ளுவது ஆகியவை எந்த நரம்புவேர் பாதிக்கப்பட்டது என்பதைக் காட்டும். ஒரு கட்டிலும் ஒரு சிறு சுத்தியலும் போதும். எந்தத் தோட்ட மருந்தகத்திலும் இவை இருக்க முடியும்.

'வசதியுள்ளவருக்கு ஸ்கேன், தோட்டத்தாருக்குச் சுத்தியலா?' என்று கேட்பவரின் கோபம் வெறும் சந்தேகத்தில் பிறந்ததன்று. இருநூறு ஆண்டுகளாக மருத்துவத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்ட மக்களின் கேள்வி அது. டிக்கோயாவில் 150 கட்டில்களோடு புதிய ஆதார வைத்தியசாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே இதற்குச் சான்றோடு பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆறு வாரத்துக்கும் மேல் முதுகுவலி இருந்த 421 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், மறுபாதிக்கு எடுக்கவில்லை. 2001இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதம் கழித்து வலி இன்னும் இருக்கிறது என்றவர்கள் படம் எடுத்தவர்களில்தான் சற்று அதிகம். ஆனால் சிகிச்சையில் திருப்தி அடைந்தவர்களும் அவர்களே. படம் ஒரு மன ஆறுதல் தந்தது, கூடவே 'என் முதுகு கெட்டுப்போய்விட்டது' என்ற எண்ணத்தையும் தந்தது. அமெரிக்காவில் 380 பேரிடம் எக்ஸ்ரேக்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோதும் ஓராண்டு முடிவில் வலியில் வேறுபாடு இல்லை; எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களுக்கு அறுவை மட்டும் கூடுதலாக நடந்தது, நால்வருக்கு எதிராகப் பத்துப் பேர். தேவையில்லாத படத்தை எடுக்காமல் இருப்பதில் தோட்டத்தார் இழப்பது எதுவும் இல்லை. தேவைப்படும் அந்தச் சிலருக்குத் தாமதமின்றி ஸ்கேன் கிடைக்காமல் போவதே உண்மையான அநீதி. கோபம் அங்கே திரும்ப வேண்டும்.

அடுத்தது ஓய்வு. முதுகு பிடித்தால் அசையாமல் படு என்பது பல தலைமுறை அறிவுரை, வைத்தியர்களும் அதையே சொன்னார்கள். 1986இல் டெக்சாசில் 203 பேருக்கு இரண்டு நாள் அல்லது ஏழு நாள் படுக்கை ஓய்வு என்று பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. மற்ற எதிலும் ஏழு நாள் படுத்தவர்கள் மேலாக இல்லை. 1995இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர் 186 பேரிடம், படுத்திருந்தவர்கள், பயிற்சி செய்தவர்கள், வலி அனுமதிக்கும் அளவு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்கள் ஆகிய மூவகையினரில் கடைசி வகையினரே முதலில் தேறினார்கள். மாத்திரையின் கதையும் இப்படித்தான். பெனடோல் என்று நாம் அறிந்த பரசிட்டமோலை 2014இல் ஆஸ்திரேலியாவில் ஆயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். பெனடோல் எடுத்தவர்கள் நடுத்தரமாக 17 நாளில் தேறினார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 16 நாளில். இந்த இரண்டு எண்களும் இன்னொரு செய்தியையும் சொல்கின்றன. முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் மருந்து தேடுகிறார்; அதற்குப் பிறகு இறங்குவது இயற்கை. அதனால் சித்தாலேப தடவினாலும், கோடாலித் தைலம் தேய்த்தாலும், பத்துப் போட்டாலும், ஊசி போட்டாலும் எல்லாமே பலித்தது போலத் தெரியும். சூடு பறக்கத் தைலம் தேய்த்துவிடும் கையின் இதம் உண்மைதான், அதை யாரும் விட வேண்டியதில்லை. இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் ஓரளவு வலி தணிக்கும். ஆனால் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பவரின் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அவை நல்லதல்ல. ஓபியாய்டு வகைக் கடும் மருந்துகள் புதிய முதுகுவலிக்கு வெற்று மாத்திரையைவிட எந்த வகையிலும் மேலல்ல என்று 2023இல் தெரிந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட முதுகுவலிக்கென முதன்முதலாக வெளியிட்ட வழிகாட்டியும் அவற்றையும் இடுப்புப் பட்டைகளையும் வேண்டாம் என்கிறது. விளக்கிச் சொல்வதையும் பயிற்சியையும் மனநலத் துணையையும் முன்வைக்கிறது.

மனநலம் என்ற சொல் வந்தவுடன் 'என் வலியை நடிப்பு என்கிறார்களா?' என்ற வருத்தம் பலருக்கும் வரும். லீவு கேட்டு வலியை நிரூபித்தாக வேண்டிய தொழிலாளிக்கு அது இன்னும் கூர்மையாக வரும். வலி மூளையில் பிறப்பது. விரலில் முள் குத்தினாலும் அப்படித்தான். அதனால் எந்த வலியும் பொய்யாகிவிடாது. தொடர்ந்து வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடத்து நரம்புச் செல்கள் கூருணர்வு அடைந்து, முன்பு வலிக்காத சாதாரண அசைவுக்கும் வலிச் செய்தி அனுப்பத் தொடங்குகின்றன. நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் உல்ஃப் 1983இல் எலிகளின் தண்டுவடத்தில் இதைக் காட்டினார். இதை 'மிகையுணர்வு' என்போம். தூக்கக் குறைவு, மனச்சோர்வு, 'அசைந்தால் இன்னும் கெட்டுவிடும்' என்ற பயம் ஆகியவை வலி நாட்படுவதற்கான வாய்ப்பைக் கூட்டும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. கடன், குடிக்கும் கணவன், வெளிநாட்டில் வேலைக்குப் போன மகள் என்று படுத்தாலும் தூக்கம் வராத பெண்ணிடம் வைத்தியர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால், அது அவருடைய வலியை நம்பியதன் அடையாளமாகக் கொள்ள வேண்டும்.

இத்தனையும் சேர்ந்து தரும் அறிவுரை ஒன்றுதான்: ஆபத்து இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பயப்படாமல், படிப்படியாக அசைந்துகொண்டே இரு. ஹெல்சிங்கியின் நகராட்சி ஊழியருக்கு இது நடைமுறையில் கூடியது. வலித்தால் எழுந்து நிற்கலாம், மெதுவாக நடக்கலாம், சம்பளம் போகாது. தோட்டத்தில் இந்த அறிவுரை வந்து முட்டி நிற்கும் இடம் கிலோ. ஒரு நாள் பேர், அதாவது முழுநாள் வேலைக் கணக்கு, விழ, தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும், 16 முதல் 20 கிலோ வரை கொழுந்து வேண்டும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்தபோது இந்த அளவைப் பற்றியே பல தோட்டங்களில் தகராறு மூண்டது. எட்டுக் கிலோ எடுத்து மெல்ல உடம்பைத் தேற்றிக்கொள்வோம் என்று ஒருவர் நினைத்தால் அரைப்பேர்தான் விழும். ஆகவே முதுகு பிடித்த பெண்ணுக்கு இரண்டே வழி: வலியோடு முழு அளவு, இல்லாவிட்டால் லயத்தில் படுக்கை. ஆய்வுகள் நல்லது என்று காட்டிய நடுவழி அவருக்கு அடைக்கப்பட்டிருக்கிறது. 'கொழுந்துக்காரி நாள் முழுக்க மலையேறி இறங்குகிறாளே, அதைவிட என்ன பயிற்சி?' என்று சொல்வோரும் உண்டு. பயிற்சி என்பது தன் வேகத்தில், தாங்கும் அளவில் தொடங்கி, இடையில் தேறுவதற்கு நேரம் விட்டுக் கூட்டுவது. பிறர் வைத்த அளவுக்காக, ஓய்வின்றி, சுமையோடு எட்டு மணி நேரம் அசைவது உடலுக்கு வேறு விதமாக வேலை செய்கிறது. ஓய்வுநேர உடலுழைப்பு தரும் நன்மைகளைத் தொழில் உழைப்பு தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார்கள்.

நடுவழியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் இருந்த 134 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை கொடுத்தார்கள். மறுபாதிக்கு வேலையிடத்துக்கே போய், தொழிலாளியோடும் மேலாளரோடும் உட்கார்ந்து வேலையை மாற்றியமைத்து, படிப்படியான பயிற்சியும் சேர்த்தார்கள். 2010இல் வெளியான முடிவு: வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் நிலையாக வேலைக்குத் திரும்ப நடுத்தரமாக 208 நாள் ஆயிற்று, மற்றவர்களுக்கு 88 நாள். கவனிக்க வேண்டியது, இரு பக்கத்திலும் வலி குறைந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. வலி முழுக்கப் போகும்வரை காத்திருக்காமலே அவர்கள் எழுந்து நின்றார்கள், ஏனென்றால் வேலை அவர்களுக்கு இடம் கொடுத்தது. இது தோட்டத்தில் செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. நிறுவையை நாளுக்கு ஒரு தடவை கூட்டினால் முதுகில் சேரும் உச்ச எடை குறையும். தராசை மலையின் நடுவுக்குக் கொண்டுவந்தால் சுமக்கும் தூரம் குறையும். சாக்கைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் ஒரு பலகை போட்டு வைத்தால், வட்டின்மீதான அழுத்தத்தை மிக உயர்த்தும் அந்தக் குனிந்து தூக்கும் அசைவு மறையும். முதுகு தேறும்வரை சரிவு குறைந்த மலையில் நிரை கொடுப்பதும், நாற்றுமேடையில் வேலை கொடுப்பதும், குறைந்த கிலோவுக்கு முழுப்பேர் போடுவதும் மனமிருந்தால் முடிகிறவை. உற்பத்தி குறையும் என்று நிர்வாகம் சொல்லலாம். மாதக்கணக்கில் மலைக்கே வராத ஒருவர் கொடுக்கும் கொழுந்து பூச்சியம் என்பதை அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே மருந்தகத்திலிருந்து ஒருவர் எடுத்துச் செல்லும் துண்டில் 'மூன்று நாள் ஓய்வு' என்று மட்டும் இருந்தால் அது பாதிச் சிகிச்சை. எத்தனை கிலோ வரை, எந்த வகை மலையில், எவ்வளவு காலம், எப்போது மறுபடி பார்ப்பது என்றும் அதில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்து அளவைக் கூட்டலாம். அந்த இரண்டு வாரத்தில் காலில் பலம் குறைந்தால் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்க வேண்டும். காலுக்கு இறங்கும் வலி ஆறு வாரம் தாண்டியும் தாங்க முடியாமல் இருந்தால், ஸ்கேன் எடுக்கச் சரியான நேரம் அதுவே, ஏனென்றால் அப்போது அந்தப் படம் ஒரு முடிவெடுக்க உதவும். நெதர்லாந்தில் அப்படிப்பட்ட 283 பேரில் ஒரு பாதிக்கு உடனே அறுவை செய்தார்கள். மறுபாதியினர் காத்திருந்தார்கள், காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினருக்குப் பிறகு அறுவை தேவைப்பட்டது. உடனே செய்தவர்களுக்குக் கால்வலி வேகமாகத் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பக்கத்திலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். வெளியே வந்த உட்கருவை உடலே பல மாதங்களில் கரைத்து எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடப்பது. எனவே பலக்குறைவு இல்லாதவரை அறுவை என்பது அவசரக் கட்டளை ஆகாது. வேகமாகத் தேற வேண்டுமா, கத்தி படாமல் காத்திருக்கலாமா என்பது நோயாளியே தேர்ந்துகொள்ளும் கேள்வி. அப்படித் தேர்ந்துகொள்ள அவருக்கு இந்த எண்களை அவருடைய மொழியிலேயே சொல்லும் ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். அவர் காத்திருக்க முடிவு செய்தால் அந்த மாதங்களில் அடுப்பெரியச் சம்பளமும் வர வேண்டும்.